படி என்று சொல்லும் ஊர்

அன்புள்ள வாசகர்களுக்கு,

 

ஆசிரியர் தினம் வரும் மாதம் இது. இந்தப் பக்கத்தில் என்ன எழுதலாம் என்ற யோசனையோடு, சில வாரங்களுக்கு முன் ஒரு காலையில் சென்னையிலிருந்து திருத்தணி போகும் மின்சார ரயிலில் ஏறினேன். கையில் அசோகமித்திரனின் 'ஒற்றன்' இருந்தது. பலமுறை படித்த புத்தகம்தான். திருவள்ளூர் தாண்டியதும் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அரக்கோணத்தில் கல்லூரிப் பிள்ளைகள் ஒரு கூட்டமாக ஏறினார்கள். ஒரு பெண் மடியில் நோட்டை விரித்துவைத்து அன்றைய தேர்வுக்கு வாய்க்குள்ளேயே ஒப்பித்துக்கொண்டு வந்தாள். பக்கத்தில் இருந்தவள் அவளுடைய சாப்பாட்டுப் பையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். நான் புத்தகத்தை மூடிவிட்டு அவர்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். இந்தப் பக்கம் அந்த ரயிலிலேயே தொடங்கிவிட்டது.

'ஒற்றன்' படித்தவர்களுக்குத் தெரியும். 1973இல் அசோகமித்திரன் அமெரிக்காவின் அயோவா நகரத்துக்குப் போனார். உலகின் பல நாடுகளிலிருந்து எழுத்தாளர்களை அழைத்துச் சில மாதங்கள் தங்கவைத்து எழுதச் சொல்லும் வழக்கம் அங்குள்ள பல்கலைக்கழகத்துக்கு உண்டு. பால் எங்கிளும் ஹுவாலிங் நியேவும் சேர்ந்து 1967இல் தொடங்கிய திட்டம் அது. அந்த அனுபவத்திலிருந்து பிறந்ததுதான் அந்த நாவல்.

அயோவா நகரம் நியூயார்க் போலப் பெரிய பட்டணம் இல்லை. சுற்றிலும் சோளக் கொல்லைகள், நடுவில் ஓர் ஆறு, அதன் கரையில் 1847இல் தொடங்கிய ஒரு பல்கலைக்கழகம், அதைச் சுற்றி வளர்ந்த சிற்றூர். அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் இப்படிப்பட்ட கல்லூரி ஊர்கள் பல உண்டு. கோடை முடியும்போது பிள்ளைகள் வந்து இறங்குவார்கள். சில ஆண்டுகள் தங்குவார்கள். பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அடுத்த கூட்டம் வரும். தெருவில் நடப்பவர்களுக்கு எந்தக் காலத்திலும் இருபது வயதுதான். அங்கேயே பிறந்து அங்கேயே மூப்படைகிற கடைக்காரரும் நூலகரும் வீட்டுக்காரப் பாட்டியும், வந்துபோகிற பிள்ளைகளுக்காகத் தங்கள் வாழ்க்கையையே ஒரு மாதிரி அமைத்துக்கொள்கிறார்கள். 2008இல் யுனெஸ்கோ அயோவா நகரத்தை 'இலக்கிய நகரம்' என்று அறிவித்தது. அந்தப் பெருமையில் எழுதியவர்களுக்கு எவ்வளவு பங்கோ, அவர்களுக்கு இடம் கொடுத்த ஊருக்கும் அவ்வளவு பங்கு.

நம்மிடமும் கல்லூரியால் பெயர் பெற்ற ஊர்கள் உண்டு. 1929 முதல் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தே வாழும் அண்ணாமலை நகர், அழகப்பச் செட்டியாரின் கொடையால் மாறிப்போன காரைக்குடி, பள்ளிக்கூட மணிகளால் நேரம் தெரிந்துகொள்ளும் பாளையங்கோட்டை என்று உடனே சில பெயர்கள் நினைவுக்கு வரும். திருத்தணியை அந்த வரிசையில் யாரும் வைப்பதில்லை. அது மலைக்கோயில் ஊர், மொட்டை போடும் ஊர், திருப்பதிக்குப் போகும் வழியில் பேருந்து நிற்கிற ஊர். அந்த வரிசையில் திருத்தணிக்கும் ஓர் இடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

ஸ்டேஷனில் இறங்கி மலையடிவாரத்துக்கு வந்தால் 365 படிகள். ஆண்டின் நாளுக்கு ஒரு படி என்று கணக்குச் சொல்வார்கள். வண்டியில் போக மலைப்பாதை இருக்கிறது. ஆனாலும் படியேறுகிறவர்கள் இன்றும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறார்கள். சூரனோடு நடந்த போருக்குப் பிறகு முருகன் சினம் தணிந்த இடம் என்பதால் இது தணிகை. அதனால்தான் கந்த சஷ்டியின்போது மற்றத் தலங்களில் சூரசம்ஹாரம் நடக்க, இங்கே மட்டும் அது கிடையாது. மலர்களைக் குவித்துப் புஷ்பாஞ்சலி செய்கிறார்கள். அறுபடை வீடுகளில் இது ஐந்தாவது. போர் முடிந்த பிறகு வந்து அமர்கிற வீடு. அந்த அமைதியில்தான் இந்த ஊரின் பள்ளிக்கூடம் நடக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

அந்தப் பள்ளிக்கூடத்தின் மாணவர்களைப் பார்ப்போம்.

முத்துசுவாமி தீட்சிதர் காசியில் குருவிடம் ஆண்டுக்கணக்கில் இருந்தவர். குரு மறைந்த பிறகு சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் இருந்த பெற்றோரிடம் திரும்பினார். அங்கிருந்து திருத்தணிக்கு வந்து தியானத்தில் உட்கார்ந்தார். அப்போது ஒரு முதியவர் வந்து வாயைத் திறக்கச் சொல்லி, நாவில் ஒரு கற்கண்டை வைத்துவிட்டு மறைந்தார் என்பது வழிவழியாக வரும் கதை. கண் விழித்த தீட்சிதர் தமது முதல் கீர்த்தனையைப் பாடினார். அது மாயாமாளவகௌளை ராகத்தில் அமைந்தது.

சங்கீதம் தெரிந்தவர்களுக்கு அந்த ராகத்தின் பெயரே ஒரு வகுப்பறையைக் கண்முன் கொண்டுவரும். பாட்டு வாத்தியாரிடம் முதல் நாள் உட்காரும் குழந்தைக்கு சரளி வரிசை தொடங்குவது அந்த ராகத்தில்தான். எத்தனையோ ராகங்களில் ஊறித் திளைத்த ஒருவர், தமது முதல் படைப்புக்குப் பாலபாட ராகத்தைக் கையில் எடுத்தார். அன்று தொடங்கித் தம் பாடல்களில் வைத்த முத்திரை 'குருகுஹ'. குருவாக இருக்கும் குகன் என்று பொருள். திருத்தணியோடு சேர்த்துச் சொல்லப்படும் எட்டுக் கீர்த்தனைகளும் வடமொழி இலக்கணத்தின் எட்டு வேற்றுமைகளில், ஒன்றுக்கு ஒன்றாக அமைந்தவை. அவர் பக்தியோடு பாடியதையே இலக்கணப் பாடமாகவும் அமைத்துவிட்டார். பாடகராக வந்தவரை இந்த மலை ஆசிரியராக்கி அனுப்பிவைத்தது.

அடுத்து மூன்று பேரைச் சேர்த்தே சொல்ல வேண்டும். மூவருக்கும் பள்ளிக்கூடம் சரியாக வாய்க்கவில்லை.

முதலாமவர் வள்ளலார். சென்னை ஏழுகிணறுப் பகுதியில், அண்ணன் வீட்டில் வளர்ந்த பிள்ளை. படிப்பில் மனம் செல்லவில்லை என்று அண்ணனுக்கு வருத்தம். மாடி அறையில் ஒரு கண்ணாடியை மாட்டி, விளக்கேற்றி, அதன் முன்னால் உட்கார்ந்திருப்பார். அந்தக் கண்ணாடியில் அவருக்குத் தெரிந்தது தணிகை முருகன் என்று அவருடைய வரலாறு சொல்கிறது. திருவருட்பாவில் தணிகையைப் பற்றிய பாடல்கள் அவ்வளவு இருப்பதற்குக் காரணம் அந்தக் கண்ணாடி. எந்த ஆசிரியரிடமும் முறையாகப் பாடம் கேட்காத பிள்ளை, பிற்காலத்தில் ஒரு மொழிக்கே புதிய குரல் கொடுத்தார்.

இரண்டாமவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். மைசூர் அரண்மனையில் சமையல் வேலை பார்த்தவர். வயிற்று நோயோடு பழனிக்கு வந்த இடத்தில் திருப்புகழைக் கேட்டார். கேட்டது போதவில்லை, தாமே படிக்க வேண்டும் என்று ஆசை வந்தது. நடுவயதைத் தொடும் வேளையில், திருப்புகழ்ப் புத்தகத்துக்காகவே தமிழ் எழுத்துகளைக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டார் என்கிறார்கள். குழந்தைகள் அம்மா, அப்பா என்று தொடங்குவார்கள். அவருக்கு அருணகிரிநாதரின் சந்தமே அரிச்சுவடி.

அவர்தான் திருத்தணிக்கு ஒரு திருவிழாவைத் தந்தார். அந்தக் காலத்தில் ஆங்கிலப் புத்தாண்டு என்றால் நம்மவர்கள் எலுமிச்சம்பழத்தோடு வெள்ளைக்காரத் துரைகளின் வீட்டு வாசலில் போய் நிற்பார்கள். எல்லாத் துரைகளுக்கும் மேலான துரை மலைமேல் இருக்கிறார், அவரைப் போய்ப் பாருங்கள் என்றார் சுவாமிகள். 1917 டிசம்பர் கடைசி நாள் இரவில் படிக்கு ஒரு திருப்புகழாகப் பாடிக்கொண்டு மலையேறும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தார். நூறு ஆண்டுகளைத் தாண்டி அந்தத் திருப்படித் திருவிழா நடக்கிறது. படிகளுக்குக் கற்பூரம் ஏற்றி, மஞ்சள் குங்குமம் இட்டு, பஜனைக் குழுக்கள் விடிய விடியப் பாடிக்கொண்டு ஏறுகின்றன. பக்கத்தில் நிற்பவர் பாடுவதைக் கேட்டு, அடுத்த படியில் நாமும் பாடிவிடுகிறோம். நான் முதன்முதலாக ஒரு திருப்புகழை முழுதாகக் கற்றுக்கொண்டது அப்படி ஓர் இரவில், பெயர் தெரியாத ஓர் அம்மாவுக்குப் பின்னால் ஏறியபோதுதான். தாளம் தவறும்போதெல்லாம் அந்த அம்மா திரும்பிப் பார்க்காமலேயே கையைச் சற்று உரக்கத் தட்டுவார். அதைவிட நல்ல வாத்தியாரை நான் பார்த்ததில்லை.

திருப்புகழ் அச்சில் வந்ததற்குப் பின்னாலும் தணிகையின் பக்தர்கள் இருக்கிறார்கள். நீதித்துறையில் வேலை பார்த்த வ.த. சுப்பிரமணிய பிள்ளை, ஊர் ஊராக அலைந்து ஏட்டுச் சுவடிகளைத் தேடிச் சேர்த்துத் திருப்புகழைப் பதிப்பித்தார். அவர் மகன் வ.சு. செங்கல்வராய பிள்ளை அதற்கு உரை எழுதினார். 'தணிகைமணி' என்று தமிழுலகம் அவரை அழைத்தது. அப்பா தேடினார், மகன் விளக்கினார், எழுத்துத் தெரியாத ஒரு சமையல்காரர் அதை வாங்கிப் படித்து ஊருக்கே பாடச் சொல்லிக்கொடுத்தார். ஒரு பல்கலைக்கழகம் செய்கிற வேலை வேறென்ன?

மூன்றாமவர் ம.பொ. சிவஞானம். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுபோய், அச்சகத்தில் எழுத்துக் கோத்து வாழ்ந்தவர். கோத்த எழுத்துகளிலிருந்தே படித்துச் சிலப்பதிகாரத்துக்கு அறிஞரானார். வள்ளலாரைப் பற்றிய புத்தகத்துக்காக 1966இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். கண்ணாடியில் தணிகையைக் கண்ட பிள்ளையைப் பற்றி, தணிகையை மீட்கப் போராடியவர் எழுதிய புத்தகம் அது.

மீட்ட கதையைச் சற்றுச் சொல்ல வேண்டும். இளைய வாசகர்கள் பலருக்கு இது தெரியாமல் இருக்கலாம். 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது, வடஆர்க்காட்டிலிருந்து பிரிந்து திருத்தணி அதில் சேர்ந்தது. அப்போது எல்லாமே ஒரே சென்னை மாகாணம்தான் என்பதால் யாருக்கும் பெரிதாகத் தோன்றவில்லை. 1953இல் ஆந்திரம் தனி மாநிலமானபோது சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அந்தப் பக்கம் போனது. தொல்காப்பியப் பாயிரம் தமிழ் நிலத்தின் வட எல்லையாகச் சொல்லும் வேங்கடத்துக்கு இப்பால் இருக்கும் ஊர் நம்மிடம் இல்லையா என்ற கேள்வியோடு ம.பொ.சி.யும் அவருடைய தமிழரசுக் கழகமும் வடக்கெல்லைப் போராட்டத்தை நடத்தினார்கள். பலர் சிறை சென்றார்கள். பிறகு படாஸ்கர் நடுவராக அமர்ந்து தந்த தீர்வின்படி, இரு பக்கமும் சில பகுதிகளைக் கொடுத்தும் வாங்கியும் எல்லையைத் திருத்திக்கொண்டார்கள். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது.

அந்தப் போராட்டத்தில் ம.பொ.சி.க்குத் துணையாக நின்றவர் ஒரு தமிழாசிரியர். மங்கலங்கிழார் என்று பெயர். இந்த வட்டாரத்துக் கிராமங்களில் காசு வாங்காமல் தமிழ் சொல்லிக்கொடுத்து, படித்த ஒரு தலைமுறையையே உருவாக்கினார். திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்ததைப் பார்க்க அவர் இருக்கவில்லை. 1953லேயே மறைந்துவிட்டார். எல்லைக் கல்லை அரசாங்கம் நட்டது. அதற்கு நெடுநாள் முன்பே இந்த மண்ணில் அவர் எழுத்தை நட்டுவிட்டார்.

அவர் தமிழ் கற்பித்த மண் தெலுங்கைப் பகையாக நினைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்த ஊரின் அழகு முழுக்க அதில்தான் இருக்கிறது. திருத்தணியைத் தாண்டினால் பொன்பாடி ரயில் நிலையம். அதையும் தாண்டி ஆந்திரத்துக்குள் போனால் ஏகாம்பரகுப்பம் என்று ஒரு நிலையம் வரும். பெயர்களுக்கு எல்லை தெரியவில்லை. சன்னிதித் தெருவில் பூ விற்கும் ஆயா, தன் பேத்தியிடம் தமிழில் பேசிக்கொண்டே, நகரியிலிருந்து வரும் குடும்பத்தைப் பார்த்ததும் "ரண்டம்மா, ரண்டி" என்று தெலுங்குக்கு மாறிவிடுகிறார். பேத்தியும் அடுத்த நொடியே மாறிவிடுகிறாள். அந்த இரண்டு மொழியையும் அவளுக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. அப்பாவை நைனா என்று கூப்பிடும் தமிழ் வீடுகளும், தமிழ் நாளிதழ் வாங்கும் தெலுங்கு வீடுகளும் ஒரே தெருவில் இருக்கின்றன.

ஆடிக் கிருத்திகைக்கு வந்து பாருங்கள். சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் திருப்பதிப் பக்கத்திலிருந்தும் மஞ்சள் துணி உடுத்திய கூட்டம் தோளில் பூக்காவடியோடு நடந்தே வந்துசேரும். காஞ்சிபுரத்திலிருந்தும் வேலூரிலிருந்தும் வருகிறவர்கள் அவர்களோடு கலந்துவிடுவார்கள். மலையடிவாரத்தில் சரவணப் பொய்கையில் மூன்று நாள் தெப்பம். லட்சக்கணக்கான ஜனங்கள். எந்தக் குரல் எந்த மொழி என்று பிரித்துச் சொல்ல முடியாது. எல்லோருக்கும் தெரிந்த வார்த்தை ஒன்றுதான், அரோகரா. இரண்டு மாநிலங்கள் பேசித் தீர்க்க ஆண்டுகள் பிடித்த ஒரு விஷயத்தை, இந்த ஊர் ஒவ்வோர் ஆடியிலும் மூன்றே நாளில் தீர்த்துவைக்கிறது.

இப்படி வீட்டில் ஒரு மொழியும் தெருவில் ஒரு மொழியும் கேட்கிற ஊரில், 1888 செப்டம்பர் 5 அன்று ஒரு குழந்தை பிறந்தது. தெலுங்கு பேசும் எளிய குடும்பம். தந்தை ஜமீன் வருவாய் அலுவலில் சிறிய உத்தியோகம் பார்த்தார். தொடக்கப் படிப்பு திருத்தணியில். பிறகு திருப்பதியில் லூத்தரன் மிஷன் பள்ளி, வேலூரில் ஊரிஸ் கல்லூரி, சென்னையில் கிறிஸ்தவக் கல்லூரி. புத்தகம் வாங்கக் காசில்லாத நேரத்தில், தத்துவம் படித்து முடித்த உறவினர் ஒருவர் தம் பழைய பாடப்புத்தகங்களைக் கொடுத்தார். அதனால் அந்தப் பிள்ளையும் தத்துவமே எடுத்துப் படித்தது என்று சொல்வார்கள். இரவல் புத்தகம்தான் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் என்ற தத்துவ அறிஞரை நமக்குத் தந்தது. உங்கள் வீட்டுப் பரணில் தூசி படிந்து கிடக்கும் பாடப்புத்தகத்தைப் பார்க்கும்போது இதை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

மைசூரில் கற்பித்துவிட்டு 1921இல் அவர் கல்கத்தாவுக்குக் கிளம்பியபோது, மாணவர்கள் அவருடைய வண்டிக்குப் பூ அலங்காரம் செய்து, குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாங்களே ரயில் நிலையம் வரை இழுத்துப் போனார்கள். 1936இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் கீழைநாட்டு மதங்களையும் அறநெறியையும் கற்பிக்க அவரை அழைத்தது. 1962இல் குடியரசுத் தலைவரானார். தம் பிறந்தநாளைக் கொண்டாட வந்த மாணவர்களிடமும் நண்பர்களிடமும், அதை ஆசிரியர்களின் நாளாகக் கொண்டாடினால் மகிழ்வேன் என்றார். அன்று முதல் செப்டம்பர் 5 நாடு முழுவதும் ஆசிரியர் தினம். இந்தியாவின் ஒவ்வொரு பள்ளிக்கூடமும் கொண்டாடும் ஒரு நாளுக்குத் தொட்டில் கட்டிய ஊர் திருத்தணி.

பழைய காலத்திலும் இந்த ஊருக்கு இப்படி ஒரு குணம் இருந்திருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், பல்லவன் அபராஜிதவர்மன் காலத்தில், நம்பி அப்பி என்பவர் இங்கே வீரட்டானேசுவரருக்குக் கருங்கல்லில் கோயில் எடுத்தார். அதைப் பார்த்து மகிழ்ந்த அரசன், கட்டியவரைப் பாராட்டித் தானே ஒரு வெண்பா பாடினான். வெண்பாவையும், அதைப் பாடியவர் அரசரே என்ற குறிப்பையும் கோயில் சுவரில் இன்றும் கல்வெட்டாகப் பார்க்கலாம். அரசர்கள் தங்களைப் புகழ்ந்து பாடச்சொன்ன காலத்தில், ஓர் அரசன் பிறர் செய்த வேலையைப் புகழ்ந்து பாடியிருக்கிறான். மாணவனின் விடைத்தாளில் ஓர் ஆசிரியர் சிவப்பு மையால் 'நன்று' என்று எழுதுவதைப் போல எனக்கு அந்தக் கல்வெட்டு தெரிகிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகளாக அழியாமல் இருக்கும் ஒரு 'நன்று'.

சரி, இன்று?

இன்று இங்கே ஸ்ரீ சுப்பிரமணிய சுவாமி அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. ரயிலில் நான் பார்த்த பிள்ளைகளைப் போலப் பலருக்குப் படிப்பு என்றால் அந்த வாசல்தான். பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்தும் ஆர்.கே. பேட்டைப் பக்கத்திலிருந்தும் வருகிறார்கள். அது தறிச் சத்தம் கேட்கும் வட்டாரம். பொதட்டூர்பேட்டையில் தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு விசைத்தறி ஓடும் ஓசை காதில் விழும். கரும்பும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பங்கள் மறுபக்கம். இந்த வீடுகளிலிருந்து பட்டப்படிப்புக்கு வரும் முதல் ஆள் பல நேரங்களில் அந்தப் பிள்ளைதான். ஹால் டிக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள அவர்களுக்கு யாரும் இல்லை. ஜெராக்ஸ் கடைக்காரரும், தட்டச்சுப் பள்ளி நடத்தும் அக்காவும், பஸ் நிலையத்து டீக்கடை அண்ணனும் சொல்லித்தருகிறார்கள். எந்தப் படிவத்துக்கு எங்கே கையெழுத்து வாங்க வேண்டும், எந்தச் சான்றிதழுக்கு எந்த நாளில் போனால் ஆள் இருப்பார் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். பக்தருக்குப் படியைக் காட்டிப் பழகிய ஊர். மாணவருக்கும் அப்படியே காட்டுகிறது.

அயோவாவுக்கும் திருத்தணிக்கும் நான் பார்க்கிற ஒற்றுமை இதுதான். இரண்டுமே வருகிறவர்களுக்காக வாழ்கிற ஊர்கள். ஏதோ ஒன்றை வேண்டிக்கொண்டு ஒருவர் வருகிறார். சிறிது காலம் தங்குகிறார். வந்தபோது இருந்ததைவிடச் சற்று உயர்ந்து திரும்பிப் போகிறார். ஊர் அவரிடம் நீ என்ன சாதி, என்ன மொழி, எத்தனையாவது வகுப்பு படித்தாய் என்று கேட்பதில்லை. தீட்சிதர் போல எல்லாம் கற்று முடித்து வரலாம், சுவாமிகள் போல எழுத்தே தெரியாமலும் வரலாம். இருவருக்கும் முதல் படி ஒன்றுதான். தாமதமாக வந்தவர் என்று அங்கே யாரும் கிடையாது.

நம் மொழியில் ஏறுவதற்கு இருப்பதும் படி, கற்றுக்கொள் என்று சொல்வதும் படி. திருத்தணியில் அந்த இரண்டையும் என்னால் பிரிக்க முடியவில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஆசிரியர் தினத்தில் நாம் பெரிய பெயர்களை நினைக்கிறோம். நினைக்கத்தான் வேண்டும். இந்த ஆண்டு அவர்களோடு இன்னொருவரையும் சேர்த்து நினையுங்கள். பள்ளிக்கூடத்துக்கு வெளியே, சம்பளம் வாங்காமல், உங்களுக்கு ஏதோ ஒன்றைக் கற்றுக்கொடுத்த ஒருவர். சைக்கிள் கடையில் கணக்குச் சொல்லித்தந்த அண்ணனாக இருக்கலாம். தறியில் உட்கார்ந்துகொண்டே வாய்ப்பாடு கேட்ட அப்பாவாக இருக்கலாம். பழைய புத்தகத்தைக் கொடுத்துவிட்டு மறந்துபோன மாமாவாக இருக்கலாம். அவரைப் பற்றி, அவர் இருந்த தெருவைப் பற்றி எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் அந்தக் கடிதங்களுக்காகப் பக்கங்களை ஒதுக்கி வைத்திருக்கிறோம். உங்கள் ஊரும் இப்படி ஒரு கல்லூரியாக இருந்திருக்கும். நீங்கள் சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும்.

தரிசனம் முடித்து இறங்கும்போது மாலையாகிவிட்டது. பாதி வழியில், மண்டபத்து நிழல் விழும் ஒரு படியில், சுவரோரமாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் பொது அறிவுப் புத்தகம், கையில் பென்சில். அரசுத் தேர்வுக்குப் படிக்கிறாள் என்று அட்டையைப் பார்த்தாலே தெரிந்தது. மேலே ஏறிவந்த ஒரு பெரியவர் மூச்சு வாங்க நின்று, இன்னும் எவ்வளவு தூரம் என்று தெலுங்கில் கேட்டார். அவள் தலைநிமிர்ந்து தெலுங்கிலேயே பதில் சொன்னாள். தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு அவளுடைய புத்தகத்தைப் பார்த்தார். என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனாலும் அவள் தலையில் கைவைத்து ஏதோ சொல்லிவிட்டு ஏறினார்.

"என்னம்மா சொன்னார்?" என்று கேட்டேன்.

"நல்லா படின்னு சொன்னார் சார்" என்றாள். விட்ட இடத்தில் பென்சிலை வைத்துக்கொண்டு மறுபடியும் குனிந்தாள்.

அன்புடன்,
ஆசிரியர்